தாளம் போட்டுக் கட்டிய சுவர்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் கட்டிடக்கலை மாணவர்களுக்கு அல்காரிதம் வழியே, அதாவது படிப்படியான விதிகளைக் கணினிக்கு எழுதிக்கொடுத்து, வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வருடம் நேராகக் கணினியைத் திறந்தேன். பிள்ளைகள் திரையில் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை இப்படியும் அப்படியும் இழுத்தார்கள்; திரையில் அழகாக ஏதாவது வளைந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஏன் வளைந்தது என்று கேட்டால் முழித்தார்கள்.

இப்போது முதல் வகுப்பில் கணினி கிடையாது, ஆதி தாளம்தான். ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. அதை நான்கு துண்டுகளால் நிரப்ப வேண்டும்; பசுவின் வால்போல அவை குறுகிக்கொண்டே போக வேண்டும். கோபுச்ச யதி என்பார்கள். 11, 9, 7, 5 என்று இரண்டிரண்டாகக் குறைத்தால் கச்சிதமாக 32. சரி, ஒவ்வொன்றாகக் குறைத்தால்? எப்படிப் போட்டாலும் 32 வராது. 9, 8, 7, 6 என்றால் 30தான், மிச்சம் இரண்டு. மிருதங்கக்காரர் பதற மாட்டார். அந்த இரண்டைக் கார்வையாக, அதாவது அடிக்காத இடைவெளியாக, விட்டுவிட்டுச் சமத்தில், தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில், வந்து சேர்வார்.

அப்புறம்தான் செங்கல். 32 கல் நீளத்துக்கு ஒரு சுவர், மாத்திரைக்கு ஒரு கல். துண்டுக்குத் துண்டு சுவர் அரைக்கல் முன்னே வரும். கார்வை விழும் இடத்தில் கல் வைக்காமல் விட்டால் காற்று வரும். நம்மூர் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? தொடக்க எண், குறையும் அளவு, மிச்சம், இந்த மூன்றையும் நிரலில் எழுதிய பிறகுதான் ஸ்லைடர்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம் நிலைக்கு நிலை குறுகுவதையும் பார்க்கச் சொல்வேன். ஸ்தபதி தாளம் போட்டுக் கட்டினார் என்று கதை விட மாட்டேன். கட்டிடம் உறைந்த இசை என்று பேசுவதிலும் எனக்கு ருசியில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு கல்லை நகர்த்த முடியாது.

சேனாக்கிஸ் நகர்த்தினார். கிரேக்கர், கட்டிடக்கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்த பொறியாளர், இசையமைப்பாளரும்கூட. வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை வரைபடத் தாளில் நேர்கோடுகளாகப் போட்டார். 1958இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பிலிப்ஸ் அரங்கின் வளைந்த சுவர்களையும் நேர்கோடுகளை வைத்தே உருவாக்கினார்.

போன மாதம் ஆரணிப் பையன் ஒருவன் கேட்டான். அப்பா தவில் வாசிப்பவர். "சார், மூன்று மூன்றாகக் குறைத்தாலும் 12, 9, 6, 3, மிச்சம் அதே இரண்டு. கார்வையைக் கடைசியில்தான் விடணுமா? நடுவில் பிரித்து விட்டால் ரெண்டு பக்கமும் காற்று வருமே!"

அந்தச் சுவரை இப்போது கல்லூரி வளாகத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.