கயவாகு என்னும் சாட்சி

அவையோர்க்கு வணக்கம். வேலூரில் நின்று, சங்ககாலத் தமிழகத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய வி. கனகசபைப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதென்றால் வேங்கடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழகத்தின் வட எல்லையாக அவர் நூல் காட்டும் வேங்கட மலை, அவர் காலத்தில் நம் வடாற்காடு ஜில்லாவுக்குள் இருந்தது. ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆனபோதுதான் திருப்பதி நம்மை விட்டுப் போயிற்று.

பிள்ளை 1855-ல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் யாழ்ப்பாணத்து மல்லாகத்துக்காரர். பி.எல். தேறி மதுரையில் சிறிது காலம் வக்கீலாக இருந்தார். பிறகு தபால் இலாகாவில் சேர்ந்து சூப்பரின்டெண்டென்ட் ஆனார். 1906-ல் காஞ்சிபுரத்தில் காலமானார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். ‘மெட்ராஸ் ரெவ்யூ’வில் 1895 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் 1904-ல் ஆங்கில நூலாயின. ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று நாம் தமிழில் படிப்பது அதைத்தான்.

அவர் எழுதத் தொடங்கியபோது அச்சில் என்ன இருந்தது? உ.வே.சா. பதிப்பித்த பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. அகநானூறும் குறுந்தொகையும் ஏட்டில்தான் கிடந்தன. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-ல் பதிப்பித்தார். அச்சானது இதே வேலூரில்.

ஏடு படிப்பதில் எங்கே சறுக்கும் தெரியுமா? ஓலையில் புள்ளி கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். காலுக்கும் (‘ா’) ரகரத்துக்கும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ‘கொல’ என்று கீறியிருந்தால் கொல், கோல், கொல, கோல நான்கும் ஆகும். ‘கெரல’ என்றுகூடப் படிக்கலாம். சீரும் தளையும் எதுகையும் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். பெயர்ச்சொல்லில் தவறினால் இல்லாத அரசன் ஒருவன் பிறந்துவிடுவான்!

இனி அவருடைய வாதத்துக்கு வருவோம். சங்கப் பாட்டில் ஆண்டுக் கணக்கு இல்லை. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். சிலம்பின் வரந்தரு காதையில் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’ சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் நிற்கிறான். கயவாகு என்பது கஜபாகுவின் தமிழ் வடிவம். இலங்கை அரசர்களின் வரலாறு சொல்லும் மகாவம்சத்தில் அந்தப் பெயரில் இருவர். பின்னவன் 12-ஆம் நூற்றாண்டு, பொருந்தான். ஆகவே முன்னவன். அவன் ஆட்சியைக் கி.பி. 113 முதல் 125 வரை என்று பிள்ளை வைத்தார். செங்குட்டுவனைப் பரணர் பாடியிருக்கிறார். பரணர் பாடிய மற்ற அரசர்களும் அந்தக் கயிற்றிலேயே வரிசையாகத் தொங்குகிறார்கள்.

கயிறு மாட்டிய ஆணி ஒன்றே ஒன்று என்பதுதான் சிக்கல். கண்ணகி விழாவுக்குக் கஜபாகு வந்ததாக மகாவம்சம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், பரணரே பாடிய பாட்டுகளில், கண்ணகி விழாச் செய்தியே கிடையாது. பத்தின் இறுதியில் பின்னால் சேர்த்த பதிகத்தில்தான் கடவுள் பத்தினிக்குக் கல் கொண்டுவந்தது வருகிறது, அதிலும் கயவாகு இல்லை. குறுக்கு விசாரணையில் தேர்ந்த வக்கீல் இதைக் கேட்டிருக்க வேண்டும். என்றாலும், ரோமானியரான பிளினியும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பும் சொல்லும் மிளகு வணிகமும், கிரேக்கப் புவியியலாளர் தாலமி சொல்லும் துறைமுகங்களும் முசிறியையும் புகாரையும் பற்றிய பாட்டுகளோடு ஒத்துப்போவதால், நூற்றாண்டளவில் அவர் கணக்கு இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

வஞ்சி விஷயம் அப்படியில்லை. கேரளத்துக் கோதமங்கலத்துக்கு அருகிலுள்ள திருக்கரூரே சேரர் தலைநகரான வஞ்சி என்றார். நம் பக்கத்துக் கரூரை ஒதுக்கிவிட்டார். கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்வெட்டு அவர் காலத்தில் படிக்கப்படவில்லை. கரூர் அமராவதி மணலில் சேரர் காசுகள் கிடைத்ததும் பின்னால்தான். அவர் நூலில் சேரர் இயலைப் படிப்பவர்கள் புகழூர்க் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.