ராக், ஜாஸ் டிரம்மர்களில் யார் பெரியவர்? ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுமையாகக் கேளுங்கள்.

நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். கோயில் திருவிழா என்றால் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவர், இப்போது டிரம் செட்டும் பழகுகிறார். அவர் கேட்டது இது: "மாஸ்டர், ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலே எங்களுக்குள் இந்தச் சண்டைதான். ஒருவன் ஜான் பொன்ஹாம் என்கிறான், ஒருவன் நீல் பியர்ட், ஒருவன் பட்டி ரிச். எங்கள் அப்பா ரிங்கோ ஸ்டார்தான் என்று அடித்துச் சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள், யார் பெரிய ஆள்? அப்புறம், ராக் பற்றிக் கேட்டால் ஏன் எப்போதும் ஜாஸ்காரர்களை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள்?"

நல்ல கேள்வி, தம்பி. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கை வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். நடக்கப் பழகும் வயதிலேயே பெற்றோருடன் மேடை ஏறியவர். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. புதிய உருப்படியை வேறொருவர் வாசிக்க ஒரு தடவை கேட்டுவிட்டு, அடுத்த தடவை தானே உட்கார்ந்து முழு பேண்டையும் இழுத்துக்கொண்டு போவார். அந்த இடது கையைப் பார்த்தால் இன்றும் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் பெரிய ஆள் யார் என்று என்னைக் கேட்டால் நான் வேறு ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன். அவர் வந்த பிறகு மற்ற டிரம்மர்களின் கை கால் மாறியதா? அவருடைய பெயரே தெரியாத ஒரு பையன் இன்றைக்கு அவர் வாசித்ததை வாசிக்கிறானா? பட்டி ரிச்சைப் பார்த்து வியந்தவர்கள் ஆயிரம் பேர். அவரைப் போல வாசிக்க முடிந்தவர்கள் மிகவும் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள டிரம் செட் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். உங்கள் உறுமிக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுமி ஒருவர், பம்பை ஒருவர், தாளம் ஒருவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல பேண்டுகளும் அப்படித்தான் இருந்தன. பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்முக்கு ஓர் ஆள், ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்கு ஓர் ஆள். 1909-இல் லட்விக் நிறுவனத்தார் காலால் மிதிக்கும் பேஸ் டிரம் பெடலைச் சரியாக வேலை செய்யும்படி செய்து கொடுத்த பிறகு, அத்தனை பேர் வேலையையும் ஓர் ஆள் உட்கார்ந்தபடி செய்வது சுலபமாயிற்று. பேபி டாட்ஸ் போன்றவர்கள் அந்த ஊரிலிருந்து கிளம்பி, லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குடன் வாசித்து, இந்தப் புதிய வாத்தியத்துக்கு ஒரு முறையைக் கொடுத்தார்கள். ஆக, டிரம் செட்டே ஜாஸ்காரர்கள் கையில் வளர்ந்த பிள்ளை. ராக் பற்றிக் கேட்டாலும் நான் அங்கே போவது இதனால்தான்.

சரி, இப்போது ஒன்று வாசித்துக் காட்டுகிறேன். என் வலது காலைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா அடிக்கும் கால் மிதிக்கிறது. பழைய ஸ்விங் காலத்தில் தாளத்தைத் தூக்கிப் பிடித்தது இந்தக் கால்தான். கவுண்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ், 1930-களில் அந்தப் பாரத்தை ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மூடித் திறக்கும் இரட்டை வெண்கலத் தட்டுக்கு மாற்றினார். கேளுங்கள், எவ்வளவு லேசாகிவிட்டது! முழு பேண்டும் மிதக்க ஆரம்பிக்கிறது. அடுத்து வந்த கென்னி கிளார்க் அதையும் தாண்டி, தாளத்தை வலது கையில் ரைட் சிம்பல் என்ற பெரிய தட்டுக்குக் கொண்டுபோனார். இப்படி. 'டிங், டிங்-க-டிங்'. இப்போது என் வலது காலுக்கும் இடது கைக்கும் விடுதலை. பாடகரோ சாக்ஸபோன்காரரோ ஒரு வரி முடிக்கும் இடத்தில் காலால் ஒரு குத்து, இடது கையால் ஒரு பதில். அந்தக் காலத்தில் இதை 'குண்டு போடுவது' என்றே சொன்னார்கள்.

இதற்காக அவருக்கு வேலை போயிற்று என்பதைப் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டெடி ஹில் என்ற பேண்டு தலைவர், தாளத்தை உடைக்கிறான் என்று கென்னி கிளார்க்கை அனுப்பிவிட்டார். பிறகு அதே டெடி ஹில் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற இடத்தை நடத்த வந்தபோது, அங்கே வாசிக்கக் குழு அமைக்கச் சொல்லி அதே கிளார்க்கைத்தான் கூப்பிட்டார். பியானோவில் தெலோனியஸ் மாங்க். பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி வளர்ந்த இடங்களில் அதற்குத்தான் முதல் பெயர். மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, யாராக இருந்தாலும் கிளார்க் திறந்த கதவு வழியாக வந்தவர்கள். ஜாஸ் பக்கம் யாருடைய தாக்கம் பெரியது என்று கேட்டால், தயங்காமல் கென்னி கிளார்க் என்பேன்.

ராக் பக்கம் வருவோம். தம்பி, நீங்கள் முதன்முதலில் பழகிய பீட் எது? ஹை-ஹாட்டில் எட்டு, கால் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வாசிக்கும் எந்த பேண்டும் இது இல்லாமல் பிழைக்காது. அதை ராக் இசையின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஏர்ல் பாமர். உங்கள் நால்வரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதில் எனக்கு மனசு வலிக்கிறது, ஆகவே கொஞ்ச நேரம் அவரைப் பற்றியே பேசுகிறேன்.

இவரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்தான். 1924-இல் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோது மேடைகளில் டாப் நடனம் ஆடியவர். 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டோமினோவின் 'தி ஃபேட் மேன்' பாட்டுக்கு, இரண்டாம் நான்காம் அடிகளை ஆரம்பம் முதல் கடைசி வரை விடாமல் அழுத்தி வாசித்தார். அதற்கு முன்பு பேண்டுகள் கடைசிச் சுற்றில் சூடு ஏற்றுவதற்குத்தான் பெரும்பாலும் அப்படி வாசிக்கும். அவர் அதைப் பாட்டு முழுக்கப் பரப்பினார். பேக்பீட் என்று இன்றைக்கு உலகமே சொல்வது இதைத்தான்.

இதோடு அவர் நிற்கவில்லை. அதுவரை எல்லாரும் ஷஃபிள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'டட்-டா, டட்-டா' என்று ஆடி ஆடிப் போகும் நடை. லிட்டில் ரிச்சர்டோ பியானோவில் எட்டெட்டாக, நேராக, பத்து விரலாலும் குத்துகிறார். இவர் ஷஃபிள் வாசித்தால் அவருக்கு ஒட்டாது. ஆகவே பாமர் தன் வலது கையை ரிச்சர்டின் கையோடு சேர்த்துவிட்டார். ஷஃபிளையும் நேர் நடையையும் மாற்றி மாற்றி வாசிக்கிறேன், கேளுங்கள். இது... இப்போது இது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ராக் அண்ட் ரோல் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணிக் கலைஞர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது. ஒரு விஷயம் சொல்கிறேன். பாமர் தன்னைக் கடைசிவரை ஜாஸ்காரராகத்தான் நினைத்தார்.

உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் வந்ததை ஏறக்குறைய 7.3 கோடி பேர் பார்த்தார்கள். அதன் பிறகு டிரம் செட் வாங்கிக் கொடு என்று வீட்டில் அடம் பிடித்த பிள்ளைகள் எத்தனை பேர்! ரிங்கோ இடது கைக்காரர், வலது கைக்காரர்களுக்கு வைக்கும் செட்டில் வாசிப்பவர். ஆகவே அவருடைய ஃபில், அதாவது வரிகளுக்கு நடுவில் நிரப்பும் அடிகள் எல்லாம் எதிர்பாராத இடத்தில் தொடங்கும். அப்படியே வாசிக்க முயன்று பாருங்கள், சுலபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொன்ஹாமுக்கு வருவோம். லெட் செப்லினின் முதல் ஆல்பம், 1969, முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் பேஸ் டிரம் மும்மூன்றாக, திஸ்ரத்தில் தடதடவென்று ஓடும். இரண்டு பெடல் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஒரே கால், ஒரே பெடல். என் கால் இங்கே கீழே என்ன செய்கிறது என்று பாருங்கள். குதிகால் தரையில் படவே இல்லை. முதல் அடி லேசாக, உடனே கால் நுனி சற்று முன்னால் வழுக்கி இரண்டாம் அடி. முழங்காலால் பலம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தொடை கல்லாகிவிடும். நான் இப்படித்தான் வாசிக்கிறேன். டபுள் பெடல் வாங்க ரிங்கிட் சேர்ப்பதற்கு முன், ஒரு பெடலில் இதைப் பழகுங்கள்.

அப்புறம் 1971-இல் வந்த 'வென் த லெவி பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம் செட்டை வைத்து, மாடிப்படிக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்து ராப் பாட்டுகளில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொன்ஹாம் 1980-இல் 32 வயதில் இறந்தார். அவருக்குப் பதில் ஆள் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். அவர் யாரைக் கேட்டு வளர்ந்தார் தெரியுமா? ஜீன் க்ருபா, பட்டி ரிச். மறுபடி ஜாஸ்தான்.

நீல் பியர்டிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பெரிய செட்டை விட அவருடைய பணிவு. ரஷ் குழுவில் உச்சத்தில் இருந்தபோது, 1990-களில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். குச்சி பிடிக்கும் முறையிலிருந்தே திரும்பத் தொடங்கினார்.

என் மனசுக்கு நெருக்கமானவர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எல்வின் ஜோன்ஸ். ஜான் கோல்ட்ரேன் குழு 1964 டிசம்பரில் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' கேளுங்கள். தாளம் எந்தக் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, நான்கு கை கால்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஹென்ட்ரிக்ஸோடு வாசித்த மிட்ச் மிட்செலில் இவரை அப்படியே கேட்கலாம். டோனி வில்லியம்ஸ் 17 வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவுக்குள் போனவர். உங்கள் வயதுதான், தம்பி.

இன்னொரு பெயரை விட்டுவிட எனக்கு மனமில்லை. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் தனியாக வாசித்த சில நொடிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் மலேசியத் தமிழ் ராப் கேட்டு வளர்ந்தவன் எவனும் அந்த மாதிரி பீட்டைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பாட்டை இயற்றியவர் என்று அவர் பெயர் போடப்படவில்லை, அதற்குரிய பணமும் அவருக்கு வரவில்லை. டிரம்மர் கண்டுபிடிப்பதைச் சொத்தாக மதிக்காத அந்த வழக்கம் பெரிய அநியாயம். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

ஆகவே, ஒட்டுக்கடையில் போய் இப்படிச் சொல்லுங்கள்: ராக்கில் தாக்கம் என்றால் ஏர்ல் பாமர், ஜாஸில் கென்னி கிளார்க், ராக் சத்தம் என்றால் பொன்ஹாம். பட்டி ரிச் கைக்கு ஈடு இல்லை. நண்பர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள்.

உறுமி வாசிக்கிறவன் இதையெல்லாம் ஏன் பழக வேண்டும் என்று யாராவது கேட்டால், நம் நாட்டு டிரம்மர் லூயிஸ் பிரகாசத்தையும் அவருடைய ஆசியாபீட் குழுவையும் கேட்கச் சொல்லுங்கள். இந்த வட்டாரத்து மேளங்களும் ஜாஸும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் 'தி ஃபேட் மேன்' கேட்டுவிட்டு வாருங்கள். ஷஃபிளிலிருந்து நேர் நடைக்கு மாறுவதை அன்று எல்லாரையும் வாசிக்க வைக்கப் போகிறேன். உறுமியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தம்பி.