தராசில் தெரியும் வேதியியல்

(வேதியியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு மாணவ மாணவியரே,

இந்த மேசைமீது இரண்டு தூள்கள் இருக்கின்றன. ஒன்று இரும்புத் தூள், 7 கிராம். மற்றது கந்தகத் தூள், 4 கிராம். இரண்டையும் ஒரு தாளில் கொட்டி நன்றாகக் கலக்கிவிட்டேன். இப்போது காந்தத்தை அருகில் கொண்டுபோகிறேன், பாருங்கள். இரும்பு முழுவதும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சள் கந்தகம் தாளிலேயே கிடக்கிறது. இதற்குப் பெயர் கலவை. எவ்வளவு கலக்கினாலும் இரும்பு இரும்பாகவும் கந்தகம் கந்தகமாகவும்தான் இருக்கின்றன.

அதே தூளை ஒரு சோதனைக் குழாயில் போட்டு, வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து, அடிப்பகுதியை மட்டும் சூடாக்குகிறேன். சற்று நேரத்தில் அடியில் ஒரு கனல் தோன்றுகிறது. உடனே சுடரை விலக்கிவிடுகிறேன். கனல் அணையவில்லை! மெல்ல மெல்ல மேலே ஏறி, குழாயில் உள்ள தூள் முழுவதையும் சிவக்க வைத்துவிட்டுத்தான் அடங்குகிறது. சுடரை எடுத்த பிறகு இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? இரும்பும் கந்தகமும் பிணையும்போது வெளியேறும் ஆற்றல் அது. வெப்ப உமிழ்வினை என்று உங்கள் பாடத்தில் ஒரு வரியில் வருகிறதே, அந்த வரி இதுதான். நான் காட்டிய சுடர் வினையைத் தொடக்கி வைத்தது, அவ்வளவே.

ஆறிய பிறகு குழாயை உடைத்தால் கருமையான ஒரு கட்டி கிடைக்கும். காந்தம் அதை இழுக்காது. மஞ்சள் நிறமும் இருக்காது. இரும்பின்மீது நீர்த்த அமிலத்தை ஊற்றினால் மணமற்ற ஹைட்ரஜன் வாயு வரும். இந்தக் கட்டியின்மீது ஊற்றினாலோ அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது நச்சு வாயு என்பதால் இந்த அரங்கில் அதைச் செய்து காட்டப் போவதில்லை. இரும்பு சல்பைடு என்ற இந்தப் புதிய பொருள், பெற்றோர் இருவரின் சாயலும் இல்லாத பிள்ளை. சேர்மம் என்றால் இதுதான். நீரில் போட்டால் பற்றிக்கொள்ளக்கூடிய உலோகம் சோடியம். 1915இல் போர்க்களத்தில் நச்சுப் புகையாக ஏவப்பட்ட வாயு குளோரின். இரண்டும் சேர்ந்தால் நாம் தினமும் உண்ணும் உப்பு.

அது சரி, ஏன் 7 கிராமும் 4 கிராமும்? என்னைக் கேட்டால், வேதியியல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 10 கிராம் இரும்பை எடுத்து அதே 4 கிராம் கந்தகத்துடன் சூடாக்கினால் 3 கிராம் இரும்பு மீந்துவிடும். ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே நிறை விகிதத்தில்தான் இருக்கும் என்று பிரான்ஸ் நாட்டு ஜோசப் புரூஸ்ட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொன்னபோது, பெர்தொலே என்ற பெரிய அறிஞர் அதை ஏற்கவில்லை. இருவரும் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். தராசு புரூஸ்டின் பக்கம் நின்றது. அதற்கான காரணத்தை, பொருள்களெல்லாம் அணுக்களால் ஆனவை, அணுக்கள் முழு எண்ணிக்கையில்தான் சேரும் என்ற ஜான் டால்டனின் அணுக்கொள்கை தந்தது. இரும்பு அணுவின் நிறை 56 என்றால் கந்தக அணுவின் நிறை 32. ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்தால் 56க்கு 32, அதாவது 7க்கு 4.

அரை அணு என்று ஒன்று வினையில் ஈடுபடாது. 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு; 32 கிராமுடன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. இரண்டாவது, நம் மூச்சில் வெளியேறி இலைகளுக்கு உணவுப் பொருளாவது. முதலாவது, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆளையே கொல்லக்கூடியது. ஓர் ஆக்சிஜன் அணு கூடக்குறைய இருப்பதில் இத்தனை வேறுபாடு.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போது பலர் தவறுவதும் இங்கேதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவதை எழுதுகிறீர்கள். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. கணக்கு இடிக்கிறது. உடனே நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுகிறீர்கள். அணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, முடியை வெளுக்கப் பயன்படும் பொருள்! வாய்பாட்டின் உள்ளே கை வைக்காதீர்கள். முன்னால் எழுதும் எண்ணை மட்டும் மாற்றுங்கள்: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு.

எரிந்த பொருள் எடை குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டில் பலர், எரியும்போது ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்றே நம்பினார்கள். 1774இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லவாய்சியர் வெள்ளீயத்தை மூடி முத்திரையிட்ட கலத்தில் வைத்துச் சூடாக்கினார். எடை மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் எடை கூடியது. உலோகம் காற்றிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

நான் மாணவனாக இருந்தபோது 0.24 கிராம் மெக்னீசியம் ரிப்பனை உப்புத்தாளால் தேய்த்துச் சுருட்டி, மூடியுள்ள பீங்கான் மூசையில், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணத்தில், வைத்துச் சூடாக்கினேன். கணக்குப்படி 0.40 கிராம் ஆக்சைடு கிடைக்க வேண்டும். தராசு 0.37 காட்டியது. மனம் உடைந்துபோனேன். என் ஆசிரியர் அந்த எண்ணை அடிக்க விடவில்லை. ஆறிய சாம்பலில் சில சொட்டு நீர் விட்டு, இளஞ்சூட்டில் வைத்து, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை மேலே பிடிக்கச் சொன்னார். தாள் நீலமாயிற்று. மூக்கைத் துளைத்தது அம்மோனியா. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் அல்லவா? கொதிக்கும் மெக்னீசியம் அதையும் விட்டுவைக்கவில்லை. நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு என்ற சேர்மமாக ஒரு பகுதி உள்ளே இருந்திருக்கிறது. அது நீரோடு வினைபுரிந்ததால் வந்த மணம் அது. ஈரம் போக மீண்டும் நன்றாகச் சூடாக்கினேன். அந்தப் பகுதியும் ஆக்சைடாகிவிட்டது. இப்போது 0.39. மீதி, நான் ஆவலில் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபோது வெண்புகையாகப் போய்விட்டது.

நாளை ஆய்வகத்தில் உங்கள் கையில் அதே ரிப்பன் கிடைக்கும். எரியும் மெக்னீசியத்தை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு. மூடியைச் சிறிதளவே தூக்குங்கள். தராசு காட்டும் எண் எதுவானாலும் அதையே குறிப்பேட்டில் எழுதுங்கள்.