வான்கோழியைக் கோழி மாதிரி வைக்காதீர்கள்

நேயர்களே, வணக்கம்.

வான்கோழி இறைச்சியை ஃபிரிட்ஜிலும் ஃபிரீசரிலும் எப்படிப் பத்திரமாக வைப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பல வருடமாகப் பெரிய விருந்துகளுக்குச் சமைத்து வருகிறேன். ஆனால் இதில் முக்கியமான பாடத்தை நான் படித்தது விருந்துச் சமையலில் இல்லை, என் வீட்டு அடுப்படியில், ஒரு பானை சூப்பில்.

வீட்டில் விருந்து முடிந்த ராத்திரி அது. மிச்சமிருந்த வான்கோழி எலும்பு, அதில் ஒட்டியிருந்த சதை எல்லாவற்றையும் பெரிய பானையில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன், அலுப்பாக இருந்தது, அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பானையின் வெளிப்பக்கம் சில்லென்று இருந்தது, சரி, நன்றாகக் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கரண்டியை விட்டுக் கலக்கியபோது அடியிலிருந்து வெதுவெதுப்பு மேலே வந்தது. அப்போதே கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. லேசாகச் சூடு பண்ணி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அன்று ராத்திரிக்குள் வீட்டில் நாலு பேருக்கு வயிற்றுவலி, பேதி. ஒரு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் எண்பது வயதைத் தாண்டியவர், அவர் வலியில் சுருண்டு கிடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று பிற்பாடு தேடித்தேடிப் படித்தேன். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. கொதிக்க வைத்தால் மற்ற கிருமிகள் சாகும், இது மட்டும் ஸ்போர் என்கிற கெட்டியான உறைக்குள் ஒடுங்கி உயிரோடு இருந்துவிடும். குழம்போ சூப்போ மெல்ல மெல்ல ஆறும்போது, அந்த இதமான சூட்டில் உறையை விட்டு வெளியே வந்து பெருக ஆரம்பிக்கும். கொதித்த குழம்புக்குள் காற்று குறைவு, இதற்கு அதுதான் பிடிக்கும். சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் வயிறு பிடித்து இழுக்கும். என் வீட்டில் நடந்ததோடு இது அப்படியே பொருந்துகிறது.

இதில் வான்கோழிக்கு என்ன தனிக் கணக்கு என்றால், அதன் அளவுதான். கோழி ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ இருக்கும். வான்கோழி ஆறு, எட்டு, சில சமயம் பத்து கிலோ. இறைச்சியின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும், இரண்டு மடங்கு இல்லை. சூடு உள்ளே போகவும் தாமதம், வெளியே வரவும் தாமதம். அதனால் கோழிக்குப் பழகிய கை வான்கோழியிடம் தவறு செய்கிறது, சமைத்ததை ஆற வைப்பதிலும் செய்கிறது, உறைந்ததை இளக வைப்பதிலும் செய்கிறது.

சரி, முதலில் சமைத்ததைப் பார்ப்போம். 4 டிகிரி செல்சியஸுக்கு மேலே, 60 டிகிரிக்குக் கீழே, இந்த இடைவெளியில்தான் கிருமிகள் பெருகும், தோதான சூட்டில் சிலவகை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதனால் வான்கோழி அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயாக வேண்டும். அறையின் சூடு 32 டிகிரிக்கு மேலே இருந்தால் ஒரு மணி நேரம்தான். விருந்தில் நடப்பது நமக்குத் தெரியும், பறவை மேசை நடுவில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கும், பேச்சு நீளும், யாராவது ஒரு துண்டு பிய்த்துக்கொண்டே இருப்பார்கள், நேரம் ஓடியதே தெரியாது. நான் இப்போது பரிமாற ஆரம்பித்ததும் கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

ஃபிரிட்ஜில் வைப்பதற்கு முன்னால் சதையை எலும்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மார்புப் பகுதியை மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள், வயிற்றுக்குள் மசாலாக் கலவை எதாவது அடைத்திருந்தால் அதைத் தோண்டி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், ஏனென்றால் பறவைக்குள்ளேயே கடைசியாக ஆறும் இடம் அதுதான். பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும், இறைச்சியோ குழம்போ ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். பெரிய பானை சூப் என்றால் இரண்டு மூன்று தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள், அல்லது பானையை ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கி வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். குளிர்ந்த காற்றைவிடக் குளிர்ந்த தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். முழுசாக ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் பலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். தட்டையான பாத்திரத்தில் சின்னச் சின்ன அளவாக இருந்தால் சூடு இருக்கும்போதே உள்ளே வைக்கலாம். பாத்திரங்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் நடுவில் காற்றோட இடம் விட்டால் போதும்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும், ஃபிரீசர் மைனஸ் 18. திருகு பொத்தானில் போட்டிருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களை நம்பி இதைச் சொல்ல முடியாது. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது 8 டிகிரி காட்டியது, அத்தனை வருடமாக அதில்தான் எல்லாம் வைத்திருந்தேன். அப்புறம், கதவுப் பக்கம் உள்ள அடுக்கு எப்போதும் கொஞ்சம் சூடான இடம், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும். இறைச்சியை அங்கே வைக்காதீர்கள்.

இப்படி வைத்த சமைத்த வான்கோழி மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள். அதற்கு மேல் நன்றாகத்தானே இருக்கிறது, வாடை ஒன்றும் வரவில்லையே என்று கேட்பார்கள். இது ரொம்ப முக்கியம், கவனியுங்கள். இறைச்சியை நாற வைக்கும் கிருமி வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமி வேறு. இரண்டாவது வகை வாடையும் தராது, நிறத்தையும் மாற்றாது. என் சூப் அவ்வளவு மணமாக இருந்தது. அதோடு, லிஸ்டீரியா என்கிற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலேயே மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் நான்காம் நாள் வரை இழுக்காதீர்கள், அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை முதல் நாளே உறைய வைத்துவிடுங்கள்.

பச்சை இறைச்சிக்கு இன்னும் நேரம் குறைவு. முழு வான்கோழியோ துண்டுகளோ கொத்தியதோ, ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான். விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள அடுக்கில் வையுங்கள். மேலே வைத்தால் அதிலிருந்து கசியும் நீர், கழுவி நறுக்கி வைத்த பச்சைக் காய்களில் சொட்டும். சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்கிற நோய்க் கிருமிகள் அந்த நீரில் இருக்கலாம். அதே காரணத்தால்தான் பறவையைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்றும் சொல்கிறேன். கழுவுவதால் கிருமி போகாது, தொட்டி, மேடை, பக்கத்தில் உள்ள பாத்திரம் எல்லாவற்றிலும் தெறிக்கும். அதைக் கொல்வது நெருப்புதான். தொடையின் உட்பகுதியிலும் மார்பின் தடித்த இடத்திலும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து 74 டிகிரி காட்டினால் அது செத்துவிட்டது.

இனி ஃபிரீசர். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், தூங்கும், அவ்வளவுதான். இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மைனஸ் 18 டிகிரியில் ஒரே சீராக இருக்கும்வரை இறைச்சி எத்தனை மாதமானாலும் பத்திரம்தான், குறைவது சுவை. சுவை கெடாமல் இருக்க முழுப் பச்சை வான்கோழி ஒரு வருடம், துண்டுகள் ஒன்பது மாதம், கொத்தியதும் உள்ளுறுப்புகளும் மூன்று நான்கு மாதம். சமைத்தது வெறும் துண்டாக இருந்தால் நான்கு மாதம், குழம்பிலோ சாற்றிலோ மூழ்கியிருந்தால் ஆறு மாதம்.

குழம்பில் மூழ்கினால் ஏன் கூடுதல் நாள் தாங்குகிறது? வான்கோழிக் கொழுப்பு காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கோழிக் கொழுப்பைவிடச் சீக்கிரம். சமைத்த மறுநாளே சூடு பண்ணும்போது ஒரு பழைய வாடை வருமே, அதுவும் இந்தக் கொழுப்பின் வேலைதான், சதையில் உள்ள இரும்புச்சத்து அதைத் தூண்டிவிடுகிறது. குழம்பு மேலே நின்றால் காற்று அண்டாது. அதனால் நான் துண்டுகளை அடுக்கி, மூழ்கும் அளவு சாறு ஊற்றி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று போட்டு, பையைத் தட்டையாகப் படுக்க வைத்து உறைய வைக்கிறேன். தட்டையாக இருந்தால் வேகமாக உறையும். வேகமாக உறைந்தால் ஐஸ் துகள்கள் சின்னதாக இருக்கும், சதையைக் குத்திக் கிழிக்காது, இளகும்போது நீர் ஓடி வறண்டு போகாது. சாறு உறையும்போது விரியும், பையை வாய்வரை நிரப்பிவிடாதீர்கள். வெறும் துண்டு என்றால் பிளாஸ்டிக் உறையை இறைச்சியோடு ஒட்டச் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். சில நேரம் சாம்பல் நிறத்தில், மரக்கட்டை மாதிரி காய்ந்த திட்டு தெரியும், அந்த இடத்து ஈரம் ஆவியாகிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆபத்தில்லை, அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பையின் மேல் தேதியை எழுதுங்கள். எழுதாத பை இரண்டு மாதம் கழித்து என்னவென்றே தெரியாது.

இளக வைப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நாளைக்கு விருந்து, இன்றைக்கு ராத்திரி ஃபிரீசரிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் வெளிச்சதை அறையின் சூட்டுக்கு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் இளக வைப்பதுதான் நல்ல வழி, இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்குப் போடுங்கள். ஆறு கிலோ பறவைக்கு மூன்று முழு நாள். எட்டு கிலோவுக்கு நான்கு நாள். இளகிய பிறகு சமைக்க இன்னும் ஒன்றிரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. விருந்து தள்ளிப்போனால் அதை அப்படியே திரும்ப உறைய வைக்கலாம், சுவை கொஞ்சம் குறையும், ஆபத்தில்லை.

நாள் இல்லை என்றால், தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க அமிழ்த்துங்கள். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம், ஆக ஆறு கிலோவுக்கு ஆறு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். இப்படி இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும், மைக்ரோவேவில் இளக்கிய துண்டுகளுக்கும் அதே விதிதான். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மிச்சத்தைச் சூடு பண்ணும்போது அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுங்கள், மொத்தப் பாத்திரத்தையும் தினமும் அடுப்பில் ஏற்றி இறக்காதீர்கள். வெதுவெதுப்பு போதாது, உள்ளே 74 டிகிரி வர வேண்டும், சூப்பும் குழம்பும் தளதளவென்று கொதிக்க வேண்டும். நான் அன்று காலையில் செய்யத் தவறியது இதுவும்தான்.

கடைசியாக மின்சாரம். போய்விட்டால் கதவைத் திறக்காதீர்கள், அதுதான் செய்யக்கூடிய பெரிய உதவி. மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். மின்சாரம் வந்ததும் ஃபிரீசரில் உள்ள ஒவ்வொரு பையையும் எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள்கள் நெறுநெறுவென்று கைக்குத் தட்டுப்பட்டாலோ தெர்மாமீட்டர் 4 டிகிரிக்குள் காட்டினாலோ திரும்ப உறைய வைக்கலாம். 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்ட பையை ருசி பார்க்கக்கூட வாயில் வைக்காமல் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு செலவழித்து வாங்கியிருந்தாலும் சரி.

நன்றி, வணக்கம்.