கொல்லிப்பாவைக்கு எத்தனை ஹெச்.பி.?

[திரையில்: இரவு. ஏற்காடு மலைப்பாதை. ஒரே ஒரு பைக்கின் முகப்பு விளக்கு மேலே ஏறுகிறது.]

ராத்திரி எட்டரை மணி. சேலம் அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டு விருந்து முடிந்தது. மிச்சக் கறிக்குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, அதன் மேல் வைக்க ஒரு கரித்துண்டையும் தேடி எடுக்கிறார் அத்தை. கேஸ் அடுப்பு வந்தபிறகு வீட்டில் கரி ஏது? இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்தது. "இதெல்லாம் எதுக்கு அத்தை" என்று சிரித்துவிட்டு, நம் ஆள் கரி இல்லாமலே வாளியை மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்புகிறான்.

அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒவ்வொரு வளைவிலும் அதை நடத்தும் கேம் மாஸ்டர் 20 முகப் பகடையை ஒரு முறை உருட்டுகிறார். 1 விழுந்தால் பின் சீட்டில் எடை கூடும்.

இருபது உருட்டில் ஒரு முறையாவது 1 விழுவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு. ஆள் தப்பிக்கவும் இடமிருக்கிறது, ஆனால் பந்தயம் கட்டினால் பேய் பக்கம்தான் கட்டுவேன். பகடை வளைவுக்கு வளைவு உருளும்போது மேசையைச் சுற்றிப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். பேய் இன்னும் வரவே இல்லை, கவனியுங்கள்.

டேபிள்டாப் ரோல்ப்ளே விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, கதையை நடத்துவார்கள். கேம் மாஸ்டர் உலகத்தையும் எதிராளிகளையும் பார்த்துக்கொள்வார். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு வழி போட்டது.

சரி, அந்தக் கறிக்குழம்புக் காட்சிக்கு வருவோம். அதில் நானாக உண்டாக்கியது பகடை எண் மட்டும். எது பேயை இழுக்கும், எது தடுக்கும், எந்த நேரத்தில், எந்த மாதிரி இடத்தில் என்பதையெல்லாம் அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார். உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே, ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கே பதில் கொடுக்காதே என்று வீட்டில் சொல்லும் ஒவ்வொரு 'கூடாது'ம் எழுதி முடித்த விளையாட்டு விதிதான். நம்மூர்ப் பேய்களை விளையாட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பலர் முதலில் ஹெச்.பி. (எவ்வளவு அடி தாங்கும்), ஆர்மர் கிளாஸ் (அடி படுவது எவ்வளவு கடினம்) என்று கட்டம் போட்டு எண்களை நிரப்புகிறார்கள். நான் அந்தக் கட்டத்தைக் கடைசியில்தான் தொடுவேன். சில பேய்களுக்குத் தொடவே மாட்டேன்.

எண்ணில் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராட்சசனே சாட்சி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'ராக்ஷசா' 1970-களிலிருந்தே இருக்கிறான். புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிய கை, மேலே பட்டு உடுப்பு. பழைய பதிப்பில் மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் தீர்ந்தது. இராவணன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊரில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் கதைகளில் ராட்சசனிடம் பயப்பட வேண்டியது அவன் தவம் கிடந்து வாங்கிய வரம். எந்த வாசகத்தில் வரம் கேட்டான், அதில் எந்த ஓட்டையை விட்டுவைத்தான் என்று வீரர்கள், அதாவது விளையாடுபவர்கள், தேடித் திரிய வேண்டும். புலித்தலையைக் கழற்றிவிட்டு வரத்தை மாட்டினால், அதே எண்களோடு அவன் நம் ஆளாகிவிடுவான்.

[திரையில்: கொல்லிமலை, மேகம் இறங்கிய விளிம்பு]

இப்போது தலைப்பில் இருக்கும் ஆளுக்கு வருவோம். கொல்லிமலை 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, நாமக்கல் பிரிந்தபோது அதோடு போய்விட்டது. ஆகவே கொல்லிப்பாவையை நம் வீட்டுப் பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன். சங்கப் பாட்டுகளில் அவள் அழகுக்கு உவமையாக வருகிறாள். பிற்பாடு வழங்கும் கதையில், மலையில் தவம் செய்யும் முனிவர்களை அசுரர்களிடமிருந்து காக்க வைத்த பதுமை அவள். சிரித்து மயக்கி அழித்துவிடுவாள்.

நற்றிணையின் 201-ஆம் பாட்டில் பரணர் அவளைப் பற்றி ஒரு பட்டியல் தருகிறார். காற்று மோதினாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து விழுந்தாலும், இன்னும் பல ஊறுகள் வந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் உருவம் கெடாது. கேம் மாஸ்டர் கண்ணால் இதைப் பாருங்கள். எந்தத் தாக்குதல் பலிக்காது என்பதைப் புலவரே எழுதிக் கொடுத்துவிட்டார்! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் தாக்குதல் சேதம் 13 வகை. அதில் இடி, மின்னல் இரண்டுக்கும் நேராக 'பலிக்காது' என்று எழுதிவிடலாம். 'பல ஊறுகள்' என்பதற்குள் வாள், வேல், அம்பு எல்லாம் அடங்கும். நெருப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த இடுக்கில் ஒரு தீப்பந்தத்தோடு நுழையப் பார்க்கும் வீரன் எந்தக் குழுவிலும் ஒருவன் இருப்பான். நான் அனுமதிப்பேன், ஆனால் சிரிக்கும் முகம் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆக, அவளுக்கு ஹெச்.பி. கிடையாது. அடித்து வீழ்த்த முடியாத ஒருத்திக்கு அந்தக் கட்டம் எதற்கு? அவளிடம் இருப்பது ஒரு சிரிப்பு. பார்த்தவர் விஸ்டம் சேவிங் த்ரோ, அதாவது மயங்காமல் தப்பிக்க ஒரு பகடைச் சோதனை, போட வேண்டும், இலக்கு 15. விழும் எண்ணோடு 2 கூட்டிக்கொள்ளும் திறமை உள்ளவருக்குப் பகடையில் 13 அல்லது மேலே விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 40. தோற்றால் அவளை நோக்கி ஓர் அடி. மூன்றாவது அடி வைக்கும் இடத்தில் மலை இல்லை.

மூன்று சோதனையிலும் ஒருவர் தோற்க நூற்றுக்கு 22 வாய்ப்பு. பரவாயில்லையே என்று தோன்றும். நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவராவது விழுவதற்கு 62 என்று கணக்குப் போட்டதும் வயிற்றைக் கலக்கும். இங்கேதான் எண் உதவுகிறது. கதை முதலில், அது எவ்வளவு கொடுமை என்று அளந்து பார்க்க எண் பிறகு. 62 அதிகம் என்று பட்டதால் இரண்டு வழி வைத்தேன். ஒன்று, கூட இருப்பவர் தன் முறையை விட்டுக்கொடுத்து இடுப்பைப் பிடித்து இழுக்கலாம். இரண்டு, கண்ணை மூடி நடக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற எல்லாவற்றுக்கும் டிஸ்அட்வான்டேஜ், இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். மலை விளிம்பில் அதுவும் சுகமில்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, வீரர்களே கண்டுபிடித்தால்தான். அவள் காவலுக்கு வைக்கப்பட்டவள். காவல்காரியிடம் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். அவள் காப்பது எதை என்று யாராவது கேட்டுவிட்டால் கதை வேறு திசையில் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். சேர்வராயன் மலை உச்சியில் குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதம் திருவிழா, மலை ஊர்களிலிருந்து மலையாளி பழங்குடி மக்கள் கூடுவார்கள். இன்றைக்கும் கும்பிடும் சாமியை எதிராளி பட்டியலில் சேர்க்க மாட்டேன், முனியப்பனையும்தான். அந்தச் சாமிகள் கதைக்குள் வரலாம், கேட்கலாம், கொடுக்கலாம், கோபிக்கலாம். ஆனால் அவர்களை அடித்து எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் வாங்கும் விளையாட்டை வேறு மேசையில் விளையாடிக்கொள்ளுங்கள். மலை மக்களை 'மந்திரம் தெரிந்த காட்டுவாசிகள்' என்று ஒரே அச்சில் வார்ப்பதும் அதே கதைதான். அது சோம்பேறித்தனமும்கூட.

மந்திரத்துக்கு வருவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதிக்கு ஸ்பெல் ஸ்லாட் உண்டு, எத்தனை முறை மந்திரம் போடலாம் என்ற கணக்கு. பயன்படுத்தினால் தீரும், நன்றாகத் தூங்கி எழுந்தால் திரும்ப வந்துவிடும். நம் பக்கத்தில் தூங்கி எழுந்து யாருக்கும் சக்தி வந்ததாகக் கதை இல்லை. இங்கே எல்லாம் கொடுக்கல் வாங்கல். அதனால் என் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத் தாள்) ஸ்பெல் ஸ்லாட் இருந்த இடத்தில் 'நேர்த்திக்கடன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. சின்ன உதவிக்குப் பொங்கல், பெரிய உதவிக்கு முடி காணிக்கை, உயிர் காக்கும் உதவிக்குத் தீமிதி. எத்தனை வேண்டுதலும் வைக்கலாம், தடையில்லை. அடைக்காத கடன் ஒன்று இருந்தாலும் அடுத்த வேண்டுதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். ஆடி மாதம் பிறந்தால் எல்லாக் கணக்கும் முடிக்க வேண்டும். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் சேலத்தில் இதை யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை.

அதே ஆடியில் சேலத்தில் குகை என்ற வட்டாரத்தில் வண்டி வேடிக்கை. அலங்கரித்த வண்டிகளில் ஆட்கள் புராண வேடம் போட்டு வலம் வருவார்கள். தெருவெல்லாம் சிவனும் எமனும் நிற்கும் இரவில், வேடம் போடாமலே ஒருவன் அப்படி நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு முழு ராத்திரி விளையாட்டுக்கு இது போதும்.

கஞ்சமலையில் வழங்கும் கதை இன்னொரு வகை மந்திரத்துக்கு நல்ல மாதிரி. திருமூலரின் வயதான சீடர் சோறு வடிக்கும்போது கையில் கிடைத்த குச்சியால் கிளறுகிறார், சோறு கருத்துப்போகிறது. குரு திட்டுவாரே என்று பயந்து அதைத் தானே தின்றுவிடுகிறார். இளைஞனாகிவிடுகிறார். இதில் மந்திரம் சொன்னவர் யாருமில்லை. எந்தச் செடியின் குச்சி என்பதுதான் புதையல். வீரர்கள் மலை முழுக்கக் குச்சி ஒடித்துக் கிளறிப் பார்க்கட்டும், ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு விளைவு எழுதி வையுங்கள். எல்லாம் நல்ல விளைவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

[திரையில்: சங்ககிரிக் கோட்டை மதில்]

அப்புறம், பழைய காலம். 'அந்தக் காலத்து ராஜா கதை' என்று பொதுவாக வைத்தால் யாருக்கும் எதுவும் கண்ணில் தெரியாது. ஓர் ஆண்டைக் குறியுங்கள். நான் 1792-ஐப் பிடித்தேன். அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. சேலமும் பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திப்புவின் கையிலிருந்து கம்பெனிக்குப் போகின்றன. அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்கிறார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. அடுத்த சில ஆண்டுகள் நிலம் அளந்து வரி போடும் வேலைதான். அளவுச் சங்கிலி இழுக்கும் கூலியாள், கணக்குப்பிள்ளை, தலையாரி, படையிலிருந்து கலைந்து வந்த ஒரு சிப்பாய் என நாலு பாத்திரம் போதும். யாருடைய கணக்கில் எந்தக் காடு மறைந்திருக்கிறது என்பதிலேயே போதுமான சண்டை இருக்கிறது, பேயே வேண்டாம்.

ஆண்டைக் குறித்துவிட்டால் எதை நீக்குவது என்று தானே தெரியும். 1792-ல் மலையில் காப்பி மணக்கக் கூடாது. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காப்பியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், அதுவும் இருக்காது. மேட்டூர் அணை 1934. 20 வளைவுப் பாதையும் இல்லை, ஒற்றையடித் தடம்தான், ஆகவே கறிக்குழம்புக்காரன் நடந்தே ஏற வேண்டும்.

ஒரு இடத்துக்குள் எத்தனை காலம் அடுக்கடுக்காக இருக்கும் என்பதற்குத் தலைவெட்டி முனியப்பன் கோயிலைப் பார்க்கலாம். சேலத்தில் நெடுங்காலமாக முனியப்பனாகக் கும்பிடப்பட்ட சிலை அது. தொல்லியல் துறை ஆராய்ந்து, தாமரை ஆசனம், தியானக் கை, சுருள் முடி, நீண்ட காது எல்லாம் வைத்துப் புத்தர் என்றது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்த மாதிரிச் சிலை ஒன்றைக் கற்பனை ஊரில் வைத்து, இரண்டு வீரர்களுக்குத் தனித்தனிச் சீட்டில் வேறு வேறு பெயர் எழுதிக் கொடுங்கள். எது சரி என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே பேசிக்கொள்வார்கள்.

கடைசியாக உரிமம், நிறையப் பேர் கேட்பது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அந்த விதிகளைத் தமிழில் மாற்றி எழுதலாம், விற்கவும் செய்யலாம். தொகுப்பில் இல்லாத அவர்களுடைய உலகங்களையும் பாத்திரங்களையும் மட்டும் தொடாதீர்கள். கொல்லிப்பாவைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20 முகப் பகடை கிடைக்காதவர்கள் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டப்பாவில் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இருபதாவது வளைவுக்குள் 1 கட்டாயம் வந்துவிடும்.