சாமியிடமும் சர்க்காரிடமும் கணக்குக் கேட்டவர்கள்: நெல்லைச் சீமையின் மூன்று எழுத்தாளர்கள்

(திரையில்: தாமிரபரணிப் படித்துறை. பிறகு நெல்லையப்பர் கோயில் வாசல், பாளையங்கோட்டை மாதா கோயில் கோபுரங்கள்.)

வணக்கம். நம்பிக்கை ஒரு கட்சி, பகுத்தறிவு இன்னொரு கட்சி என்று பிரித்துப் பார்க்க நாம் நன்றாகப் பழகிவிட்டோம். ஒருவர் சாமியைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், அவர் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்கிறோம். திருநெல்வேலிச் சீமையின் பெரிய எழுத்தாளர்களை இப்படிப் படித்தால் பாதிக்கு மேல் கைநழுவிப் போய்விடும். அவர்களுக்கு அந்தச் சண்டை வெளியே இருக்கும் எதிராளியோடு நடந்தது அல்ல, தங்களுக்குள்ளேயே நடந்தது. இந்த வீடியோவில் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை.

(திரையில்: பழைய ஏடு, அதன் மேல் 1827 என்ற எழுத்து.)

1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்தவர். வைணவ வேளாளக் குடும்பம். கம்பராமாயணம் புழங்கிய வீடு. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்திலிருந்து, அது லேசான காரியம் அல்ல. 1894இல் அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தது. ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதிய உருவகக் கதையைத் தழுவிய காவியம் அது. பனியனும் அரசாங்க அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருடம் சிறையில் கிடந்தவர்.

கிருஷ்ணபிள்ளையை வாசிக்கும்போது எனக்கு வியப்பாக இருப்பது ஒன்றுதான். நம்பிக்கையை மாற்றிக்கொண்டவர், காதை மாற்றிக்கொள்ளவில்லை. சிலுவைப்பாட்டைச் சொல்லும்போதும் விருத்தம் கம்பனின் நடையில்தான் போகிறது. ஊர்க்காரர்கள் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே சொல்கிறார்கள். ஒரு மனிதன் எதை விடுகிறான், எதை விடமுடியாமல் கூடவே கொண்டுபோகிறான் என்பதற்கு அந்தக் காவியத்தின் ஒவ்வொரு பக்கமும் சாட்சி.

சரி, அடுத்து வ.உ.சி.

(திரையில்: தூத்துக்குடித் துறைமுகம்.)

வ.உ.சி. என்றால் கப்பலும் செக்கும்தான் நம் நினைவுக்கு வரும். அவரை ஒரு சிந்தனையாளராகப் படிப்பவர்கள் குறைவு. இது எனக்கு வெகுநாளாக இருக்கும் மனக்குறை.

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். கடைகள் அடைபட்டன, அரசாங்கக் கட்டடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போயிற்று. நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை இரட்டை ஆயுள், அதாவது நாற்பது வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தார்.

அந்தச் சிறைக்குள் அவர் செய்த ஒரு வேலையைத்தான் இங்கே பேச வேண்டும். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். மனிதன் எதை நினைக்கிறானோ அதுவாகவே ஆகிறான், அவனுடைய சூழ்நிலைக்கு அவன் மனமே காரணம் என்பது அந்தப் புத்தகத்தின் சாரம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். செக்கிழுக்க வைக்கப்பட்ட ஒரு கைதி, 'உன் நிலைக்கு உன் மனமே காரணம்' என்று சொல்லும் புத்தகத்தை மொழிபெயர்க்கிறார். அவரைச் செக்கில் பூட்டியது அவருடைய நினைப்பா? இல்லை, ஒரு சாம்ராஜ்யம். அது அவருக்குத் தெரியாதா? வேறு யாரையும் விட நன்றாகத் தெரியும். அப்படியானால் இது என்ன?

சமாதானம் தேடினார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பல், வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது, சொத்து, உடம்பு எல்லாவற்றின் மேலும் சர்க்கார் கை வைத்துவிட்டது. அந்தக் கை எட்டாத இடம் ஒன்று உண்டா என்று அவர் தேடிப் பார்த்திருக்கிறார். அவருடைய நம்பிக்கை அதிகாரத்துக்கு எல்லை போடும் ஒரு முயற்சி. ஆனால் அந்தக் கொள்கையின் பலவீனத்தையும் அவருடைய வாழ்க்கையே காட்டிக் கொடுக்கிறது. விடுதலையாகி வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, சன்னது இல்லை. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு திடமான மனம் படைத்தவருக்கே வாழ்வு மனம் போல அமையவில்லை. அவரோ படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை. குறள் வழியில் 'மெய்யறம்' எழுதினார், தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், இறப்பதற்கு முந்தைய வருடம், 1935இல், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. அரசத் துரோகி என்று தண்டிக்கப்பட்டவர் கடைசியில் உயிர், பாசம், இறை என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

(திரையில்: சென்னை பிராட்வே, பழைய டிராம் வண்டி.)

இப்போது புதுமைப்பித்தன். இவரிடம்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906இல் கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ஊர் என்னவோ திருநெல்வேலிதான். இந்துக் கல்லூரியில் படித்தார். சென்னைக்குப் போய்ப் பத்திரிகை வேலை. கதை எங்கே நடந்தாலும் ஆட்களின் வாயில் நெல்லைப் பேச்சுதான். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் நாயகரும் தென்காசிப் பக்கத்து மேலகரத்துக்காரர். சென்னையில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறார். தெருமுனையில் கடவுளே வந்து நிற்கிறார். பிள்ளைவாள் காலில் விழவில்லை, கல்லெறியவும் இல்லை. காப்பி வாங்கிக் கொடுக்கிறார், பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார், வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துப் போகிறார். வரம் மட்டும் வேண்டாம் என்கிறார். அந்த மறுப்பில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்பேன். கொடுக்கிற கை மேலே, வாங்கும் கை கீழே என்ற உறவையே அவர் ஏற்கவில்லை. தூர இருந்து வரம் கொடுப்பது எளிது, கூட இருந்து வாழ்வதுதான் கஷ்டம் என்பதைக் கடவுளே ஒப்புக்கொள்ள வேண்டி வருகிறது.

இதைச் சிரிப்பாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'சாப விமோசனம்' சிரிக்க விடாது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று கதையின் தலையிலேயே எழுதிவிட்டார். ராமனின் கால் தூசி பட்டுக் கல்லிலிருந்து பெண்ணாக எழுந்த அகலிகை, பிற்பாடு சீதையைச் சந்திக்கிறாள். தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். ராமன் கேட்டார், நான் செய்தேன் என்கிறாள். அகலிகையால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னைக் குற்றமற்றவள் என்று ஏற்றுக்கொண்ட அதே ராமன், தன் மனைவியிடம் சாட்சி கேட்டானா? அவளுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா? அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

இதை ராமனுக்கு எதிரான பிரசாரமாக மட்டும் பார்த்தால் அகலிகைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். ராமனை நம்பாத ஒருத்திக்கு இந்தச் செய்தி கேட்டு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் முழுசாக நம்பினாள், அதனால்தான் கல்லானாள். பகுத்தறிவு இந்தக் கதைக்குள் வெளியாளாக வரவில்லை. பக்தையின் வாயிலேயே கேள்வியாக வருகிறது.

இவ்வளவையும் அவர் வசதியாக உட்கார்ந்து எழுதவில்லை. 'செல்லம்மாள்' கதையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சாகக் கிடக்கும் மனைவிக்குச் சென்னையில் தனியாகப் பணிவிடை செய்கிறார். அந்த வீட்டில் கடவுளைப் பற்றிய விவாதமே கிடையாது. அடுப்பு, மருந்து, கடன், ராத்திரி. புதுமைப்பித்தனும் காசநோயோடு 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது நாற்பத்திரண்டு.

(திரையில்: மூன்று புத்தகங்களின் அட்டைகள்.)

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் 'சாப விமோசன'த்திலிருந்து தொடங்கலாம். சின்னக் கதை, ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அப்புறம் 'மனம் போல வாழ்வு'. எந்த இடத்தில் அதை எழுதினார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கிருஷ்ணபிள்ளைக்குப் பொறுமை வேண்டும். அவரை வாய்விட்டு ஓசையோடு படித்தால்தான் கம்பன் கேட்பான். வ.உ.சி., புதுமைப்பித்தன் இருவருடைய எழுத்தும் நாட்டுடைமையாகிவிட்டதால் தேடினால் இணையத்திலேயே கிடைக்கும். படித்தவர்கள், அகலிகை செய்தது சரியா என்று கீழே எழுதுங்கள்.