ஒளி திரும்பாத 18 மாதங்கள்

(ஒரு பங்கின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, நண்பர்களே, வணக்கம்.

குழந்தை தெரேசாவின் சுரூபத்தைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். கையில் பாடுபட்ட சுரூபம், அதைச் சுற்றி ரோஜாப்பூக்கள், சிரித்த முகம். "இந்தம்மாவுக்கு என்ன, மோட்சத்தை நேரில் பார்த்தவர் மாதிரி வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார்" என்று தோன்றும். ஆனால் அவர் தம் கடைசி 18 மாதங்களும் மோட்சம் என்று ஒன்று உண்டா, இல்லையா என்று தவித்தவர். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வாழ்க்கை வரலாறு உங்களுக்குத் தெரியும், வேகமாகப் போய்விடுகிறேன். 1873-இல் பிரான்சில் பிறந்தார். நாலு வயதில் தாயை இழந்தார். 15 வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 24 வயதில் காசநோயில் இறந்தார். மடத்துக்குப் போகும் முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1887-இல் பாரீசில் மூன்று கொலை செய்த பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை. அவன் மனம் திரும்ப வேண்டும் என்று இந்தச் சிறுமி மன்றாடினாள், ஓர் அடையாளமும் கேட்டாள். தலை போவதற்கு முன் அவன் சிலுவையை முத்தமிட்டான் என்று பத்திரிகையில் வந்தது. கேட்டாள், கிடைத்தது. அந்த வயதில் அவருடைய கடவுள் பதில் சொல்லுகிற கடவுள்.

1896, பெரிய வியாழன் இரவு. படுக்கையில் சாய்ந்ததும் வாய்க்குள் ஏதோ பொங்கி வருகிறது. விளக்கை அணைத்தாயிற்று. மறுபடி ஏற்றிப் பார்க்கவில்லை. விடிந்த பிறகுதான் கைக்குட்டையில் ரத்தம் என்று தெரிகிறது. பயம் இல்லை, சந்தோஷம். மோட்சத்துக்கு அழைப்பு வந்துவிட்டதாக நினைத்தார்.

அதற்குப் பிறகு சில நாளிலேயே, உயிர்ப்புக் காலத்தில், அந்த மோட்சமே அவருக்கு இல்லாமல் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செபத்தில் வறட்சி அவருக்குப் பழக்கம்தான். செப நேரத்தில் தூங்கிவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். இது அந்த வகை இல்லை. சாவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. நீ ஆசைப்படுவது அங்கே இல்லை, இதைவிடப் பெரிய இருட்டுத்தான் இருக்கிறது என்று ஒரு குரல் கேலி செய்வதுபோல் இருந்ததாம். மோட்சத்தைப் பற்றிப் பாட்டு எழுதினார். எழுதிவிட்டு, நான் நம்ப விரும்புவதைத்தான் பாடுகிறேன், வேறெதுவும் உணரவில்லை என்றார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் ரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவ்வளவு தேவைப்பட்டது அவருக்கு.

இதற்கு நடுவில் நடந்த ஒரு கூத்தை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. லியோ டாக்சில் என்று ஒரு பத்திரிகையாளர். திருச்சபைக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தவர், திடீரென்று மனம் மாறியதாக அறிவித்தார். சாத்தான் வழிபாட்டிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர் என்று டயானா வான் என்ற பெண்ணின் பெயரில் எழுதித் தள்ளினார். பெரிய பெரிய குருக்களே நம்பினார்கள். லிசியே மடமும் நம்பியது. தெரேசா அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. மடத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் நாடகம் போட்டபோது, சிறையில் இருக்கும் ஜோனாகத் தாமும் அருகில் அக்கா செலினும் இருக்கும் படமும் அந்தப் பெண்ணின் பெயருக்குப் போயிற்று. 1897 ஏப்ரல் 19 அன்று பாரீசில் கூட்டம் கூட்டி டாக்சில் சொன்னார்: எல்லாம் நானே கட்டிய கதை, மனம் திரும்பிய பெண் என்று யாருமே இல்லை. அந்தக் கூட்டத்தில் திரையில் காட்டிய படம் எது தெரியுமா? தெரேசாவின் படம்தான். செய்தி மடத்துக்கு வந்ததும் அந்தப் பதில் கடிதத்தைக் கிழித்து எருக்குழியில் போட்டார் தெரேசா.

பிரான்சினியின் முத்தத்துக்கும் இதற்கும் இடையில் பத்து வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஏற்கெனவே உள்ளே இருட்டு, இப்போது வெளியிலிருந்து இந்த அடி. வேறு யாராவதாக இருந்தால் கசந்து போயிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம்.

அவர் என்ன செய்தார்? ஜூன் மாதம் மடத்துத் தலைவி மரி த கொன்சாகுக்கு எழுதத் தொடங்கினார். நாத்திகம் பேசுகிறவர்கள் மனச்சாட்சிக்கு விரோதமாகப் பேசுகிறார்கள், உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று முன்பு நினைத்திருந்ததாகச் சொல்கிறார். உண்மையிலேயே விசுவாசம் இல்லாத மனிதர்கள் உண்டு என்பது இந்த இருளில்தான் தமக்குப் புரிந்தது என்கிறார். பிறகு, அவர்கள் உண்ணும் பந்தியில் தாமும் உட்கார்ந்து துயரத்தின் அப்பத்தை உண்பதாகவும், கடவுள் போகச் சொல்லும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றும் எழுதுகிறார். அங்கிருந்து மன்றாடும்போது "அவர்கள்மேல் இரக்கமாயிரும்" என்று சொல்லவில்லை, "எங்கள்மேல்" என்கிறார். நம்புகிறவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறு பக்கம் என்று அவர் மனதில் இருந்த கோடு அழிந்துவிட்டது.

நம் வீடுகளில் ஒருவர் "செபம் பண்ணினால் ஒன்றுமே தோன்றவில்லை" என்று வாய் திறந்தால் போதும், நவநாள் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம். பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கிறோம். தெரேசாவிடம் இதை யார் சொல்லியிருக்க முடியும்? அந்த ஒரு வருடத்தில் செய்த விசுவாச முயற்சிகள் வாழ்நாள் முழுதும் செய்ததைவிட அதிகம் என்று எழுதியவர் அவர். வெறுமை விலகவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று, கடைசி நிமிடத்தில் முகம் மலர்ந்ததாகச் சகோதரிகள் குறித்திருக்கிறார்கள். இருக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தை வைத்து முந்தின 18 மாதங்களையும் துடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயரையே துறவுப் பெயராக எடுத்துக்கொண்ட கொல்கத்தா அன்னைக்கு இந்த இருட்டு பல பத்தாண்டுகள் நீடித்தது. அவருடைய கடிதங்கள் 2007-இல் நூலானபோது, "அப்படியென்றால் எல்லாம் வேஷமா?" என்று சிலர் கேட்டார்கள். உள்ளே உணர்வதுதான் விசுவாசம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வி நியாயம்தான். குழந்தை தெரேசாவைப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

ஆனால் படிக்கவும் நமக்குத் தாமதமாகத்தான் கிடைத்தார். இறந்த மறு வருடமே, 1898-இல், அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்த குறிப்பேடுகளை அக்கா பவுலின் நூலாக்கினார். ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தினார். தங்கையின் எழுத்தை ஊர் முன் வைக்கும் அக்கா, கலைந்த தலையை வாரிவிடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பவுலின் 1951-இல் இறந்தார். தெரேசா எழுதியது எழுதியபடியே வெளிவந்தது 1956-இல். மடத்துத் தலைவிக்கு எழுதிய அந்தப் பகுதியைத்தான் இப்போது சேர்ந்து வாசிக்கப் போகிறோம். புத்தகம் கொண்டு வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பார்த்துக்கொள்ளுங்கள்.